இடது முன்சக்கரத்தின் மெட்டு

மலையில் ஜீப் ஓட்டுகிறவர்கள் இந்தக் கதையை ஏறும்போது சொல்ல மாட்டார்கள். இறங்கி, வண்டியை ஓரங்கட்டி, டீ கைக்கு வந்த பிறகுதான் சொல்வார்கள். நாமும் இப்போது கீழேதான் இருக்கிறோம், அதனால் சொல்லலாம்.

பூதிப்பாறை எஸ்டேட்டுக்குப் போகும் வழியை ரோடு என்று சொன்னால் ரோடு கோபித்துக்கொள்ளும். பாறையும் பள்ளமும்தான். ஃபோர் வீல் ஜீப் மட்டும்தான் ஏறும். அந்த ஜீப்புகளுக்கெல்லாம் அடிவாரத்தில் ஒரே பட்டறை, ஜெசிந்தாவுடையது. அவளுக்கு வயது முப்பத்து நான்கு. பெண் பார்க்க வந்தவர்கள் அவள் விரலிடுக்கில் கிரீஸைப் பார்த்துவிட்டுக் காபியைக் குடிக்காமலே போய்விட்டார்கள் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. அவள் அதற்கு வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பொதுவாகவே அதிகம் பேச மாட்டாள்.

அவளிடம் சீடனாக வந்து சேர்ந்தவர் வீரணன். ஐம்பத்தெட்டு வயது, பேரன் எடுத்தவர். அந்த வயதில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்க வந்து நின்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? அவர் அவளை “மேஸ்திரி” என்பார். அவள் அவரை “அண்ணே” என்பாள்.

வீரணன் வந்தது ஒரே ஒரு சக்கரத்துக்காக.

அவருடைய தம்பி சோலையப்பன், எஸ்டேட் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கி ஏற்றும் ஜீப்பை ஓட்டியவன். ஏற்றத்தில் மூக்காலேயே ஒரு மெட்டை முனகிக்கொண்டு போவான். சொல் கிடையாது, மெட்டு மட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாட்களில் வீரணன், “வாய மூடிட்டு ஓட்டுடா” என்று அதட்டுவார். கடைசியாகத் தம்பியிடம் அவர் பேசியதும் அதுதான். போன மழைக்காலத்தில், ஐந்தாவது வளைவில், அவன் நெஞ்சைப் பிடித்தபடி ஸ்டியரிங் மேல் சாய்ந்தான். பிரேக்கில் கால் இல்லை. வண்டி பள்ளத்தின் விளிம்பில் தானாக நின்றது. பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. எப்படி நின்றது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

வண்டி வீரணன் கைக்கு வந்தது. சில வாரங்களில் இடது முன்சக்கரம் முனக ஆரம்பித்தது. பேரிங் தேய்ந்தால் சக்கரம் முனகும், அதில் அதிசயம் இல்லை. ஆனால் இது மெட்டோடு முனகியது. சோலையப்பன் மூச்சு வாங்கும் இடத்தில் மூச்சு வாங்கியது. ஐந்தாவது வளைவு வந்ததும் முனகல் சட்டென்று நின்றது. பின்னால் இருந்த பிள்ளைகள் முதலில் பயந்தன, பிறகு கூடவே முனகத் தொடங்கின. அன்றைக்குத்தான் வீரணனுக்கு முதுகு சில்லிட்டது.

ஜெசிந்தா சக்கரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

“அண்ணே, பேரிங் போச்சு. இறக்கத்துல சக்கரம் பூட்டிக்கிட்டா வண்டி பள்ளத்துலதான். மாத்துற வரைக்கும் பிள்ளைகள ஏத்தக் கூடாது.”

“மாத்தலாம் மேஸ்திரி. ஆனா வேற ஆரும் அதத் தொடக் கூடாது. எனக்குச் சொல்லிக் குடுங்க, நானே மாத்துறேன்.”

சக்கரத்தின் நடுக்குடத்தை ஹப்பு என்பார்கள்; ஒரு பழைய ஹப்பை வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். அவளுடைய பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றியதை எல்லாம் கழற்றிய வரிசையிலேயே தரையில் விரித்த ஒரு சாக்கில் அடுக்க வேண்டும். வேலை முடிந்து வண்டி வெளியே போகும்வரை அந்தச் சாக்கை யாரும் சுருட்டக் கூடாது.

சக்கரத்தைப் பிரித்த நாளில் பிள்ளைகள் காலையில் நடந்தே இறங்கியிருந்தன. மாலையில் நடந்து ஏற முடியாது, அது யானை இறங்கும் நேரம். பள்ளிக்கூடம் விடுவதற்குள் ஜீப் தயாராக வேண்டும். ஜெசிந்தா கிரீஸ் டப்பா வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பியபோது வீரணன் வேலையை முடித்து, சக்கரத்தையும் மாட்டியிருந்தார்.

அவள் ஜாக்கியில் நின்ற வண்டியின் சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். நீளமான திருப்புளியின் நுனியை ஹப்பில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டாள். வீரணன் மூச்சைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உறுமுது,” என்றாள்.

“மெட்டு கேக்குதா மேஸ்திரி?”

“நீங்க கேளுங்க.”

அவர் திருப்புளியைக் காதில் வைத்தார். உடனே கேட்டது. இரும்புக்குள்ளிருந்து, வெகு ஆழத்திலிருந்து, அவன்தான். வீரணனின் கண் கலங்கியது. ஜெசிந்தா சக்கரத்தைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்துக்குக் கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சாக்கின் அருகே போய்க் குனிந்தாள். பழைய வெளிப் பேரிங் இருந்தது. சீல் இருந்தது. உள் பேரிங் இருந்தது. பேரிங்கின் உருளைகள் ஓடுவதற்கு ஹப்புக்குள் இறுக்கி அடித்திருக்கும் எஃகு வளையத்தைக் கப்பு என்பார்கள். இரண்டு பேரிங்குக்கு இரண்டு கப்பு. சாக்கில் ஒன்றுதான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது.

“அண்ணே.”

வீரணன் கையிலிருந்த திருப்புளியைத் துடைக்கத் தொடங்கினார்.

“உள் கப்ப எடுக்கலையா?”

“எடுக்க மனசு வரல. அது தம்பி கையால அடிச்சு எறக்குனது.” அவர் ஹப்பைத் தடவினார். “மேஸ்திரி, ஒண்ணு கேக்கவா? செத்தவங்க கொரலு இரும்புல தங்குமா?”

அவள் ஸ்பானரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

மறுபடியும் பிரித்தார். நட்டு, வாஷர், வெளிப் பேரிங், சீல், உள் பேரிங். பித்தளைக் கம்பியை உள்ளே விட்டு, கப்பின் விளிம்பில் ஒரு பக்கம் ஒரு தட்டு, எதிர்ப் பக்கம் ஒரு தட்டு. சுத்தியல் இரண்டு முறை தவறியது. கடைசித் தட்டில் கப்பு கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது. உள்பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்து, அம்மைத் தழும்பாகக் குழி விழுந்திருந்தது. அதைக் காதோடு வைத்துக் கேட்டார். ஒன்றும் இல்லை.

“சாக்குல வைங்க,” என்றாள்.

வைத்தார். காலி இடம் நிரம்பியது. மடியில் முடிந்து வைத்திருந்த புதுக் கப்பைத் தயங்கித் தயங்கி எடுத்தார். அடிக்கும் சத்தம் தட்டையாக இருந்து கணீரென்று மாறும்வரை அடித்து உட்கார வைத்தார். உள்ளங்கையில் கிரீஸை வைத்துப் பேரிங்கின் உருளைகளுக்குள் ஏற்றினார். எல்லாவற்றையும் மாட்டி, ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கினார். பல்லைக் கடித்துக்கொண்டு மேலும் இறுக்கினார். ஜெசிந்தா அவர் கைமேல் கை வைத்து, ஸ்பானரைக் கொஞ்சம் பின்னால் திருப்பினாள்.

“விட்டா கழண்டுராதா மேஸ்திரி?”

“கழலாது. சுத்தும்.”

சோதனை ஓட்டத்துக்கு இருவரும் கிளம்பினார்கள். பள்ளிக்கூடம் விட இன்னும் நேரம் இருந்தது. மூடுபனி இறங்கி, முன்னால் பத்தடிகூடத் தெரியவில்லை. முதல் வளைவில் சக்கரம் சத்தமே போடவில்லை. இரண்டாவதிலும் இல்லை. வண்டி இவ்வளவு அமைதியாக ஓடி அவர் கேட்டதில்லை. பெற்ற பிள்ளையைப் புதைத்துவிட்டு வீடு திரும்புகிறவர் போல ஓட்டினார்.

மூன்றாவது வளைவில் அது தொடங்கியது.

மெல்ல எழும்பியது. மூச்சு வாங்கியது. மறுபடி எழும்பியது. வீரணனுக்குப் பக்கத்தில் திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. நான்காவது வளைவு போயிற்று. ஐந்தாவது வளைவில், பள்ளத்தின் விளிம்பு பனிக்குள் மறைந்திருந்த அதே இடத்தில், மெட்டு அறுந்தது. அவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு,” என்றாள் ஜெசிந்தா.

“கப்ப எடுத்தாச்சே மேஸ்திரி! எல்லாம் புதுசாச்சே!”

“எறங்கிப் பாருங்க.”

எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினார். ஹப்பைத் தொட்டார். சூடு இல்லை. மண்டியிட்டு, சக்கரத்தில் காதை வைத்தார். காட்டில் ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. எஞ்சின் இல்லை, ஓட்டம் இல்லை, சக்கரம் கல்லாக நின்றது. அப்போது அந்த மெட்டு முதலிலிருந்து தொடங்கியது. மிக அருகில், காதுக்குள்ளேயே கேட்டது.

அவருக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. 

ஜெசிந்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கிரீஸ் படிந்த அவருடைய வலது கையைப் பிடித்துத் தூக்கி, அவர் தொண்டையிலேயே வைத்தாள்.

தொண்டை அதிர்ந்துகொண்டிருந்தது.

கை பட்டதும் மெட்டு நின்றது.  விரலுக்குக் கீழே எச்சில் விழுங்குவது மட்டும் தெரிந்தது.

“எனக்குப் பாட வராது மேஸ்திரி,” என்றார் கடைசியில். “இந்த மெட்டும் எனக்குத் தெரியாது. அவன் எடுத்தாலே அதட்டி நிறுத்திருவேன்.”

“ம்.”

“பிள்ளைக கூடவே பாடுச்சுங்களே... அது என் கூடவா?”

“ஆமாண்ணே.”

வீரணன் அழுதார். ஐம்பத்தெட்டு வயது ஆள், சாவு வீட்டில்கூட அழாதவர், டயரைக் கட்டிக்கொண்டு அழுதார். கீழே, பனிக்கு அடியில், பள்ளிக்கூட மணி அடித்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முகமெல்லாம் கிரீஸ்.

“பிள்ளைக பயந்துருமே. இத நிறுத்திரவா மேஸ்திரி?”

ஜெசிந்தா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். பள்ளத்தின் விளிம்பை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

“வேண்டாம்ணே. பிள்ளைகள ஏத்திட்டு வாறப்ப, இந்த வளைவுலயும் நிறுத்தாமப் பாடுங்க.”