மண்டபத்தில் அடிக்காத ஆணி

நாற்கரச் சாலைக்கு அளவெடுக்கும் வேலையை விட்டுவிட்டுச் சுடலைமணி மடத்துக்கு வந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஐம்பது கடந்தவர். குருவைவிடச் சற்று மூத்தவர். மடத்தில் தண்ணீர் இறைப்பார், கூட்டுவார், மாட்டைப் பார்த்துக்கொள்வார். அதிகம் பேசமாட்டார்.

ஒரு நாள் காலை, மண்டபத்தின் நடுவில் பலகைமேல் அமர்ந்திருந்த குருவின் முன்னால் வந்து நின்றார்.

"சாமி, எனக்குக் காவி குடுத்திருங்க."

"எப்போ?"

"இன்னைக்கே."

"இத்தனை நாளும் கேக்கலையே. இன்னைக்கு என்ன அவசரம்?"

சுடலைமணி வாசல் பக்கம் பார்த்தார்.

அந்த நேரத்தில் வெள்ளைத்தாய் சம்பங்கிக் கூடையோடு வந்தாள். மடத்துப் பூசைக்குப் பூ அவள் தோட்டத்திலிருந்துதான் வரும். கூடையைப் படியில் இறக்கி வைத்தாள்.

"சாமி, இனிமே பூ வருமோ வராதோ தெரியாது. நாளைக்குத் தாலுகா ஆபீஸ்ல விசாரணை. ரோட்டுக்காக எங்க கெணத்தை மூடுறதா வேண்டாமான்னு நாளைக்குச் சொல்லிருவாக. கெணறு போச்சுன்னா தோட்டம் போச்சு."

குரு தலையசைத்தார்.

அவள் சுடலைமணி பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு வருவீகளா, சர்வேயர் சார்?"

"நான் இப்ப சர்வேயர் இல்ல தாயி."

"எங்க கெணத்தடியில கல்லு நட்ட அன்னைக்கு சர்வேயர்தான? புது ரோட்டுக் கோடு மொதல்ல இந்த மடத்து வழியாத்தான் போச்சு. மொளை அடிச்சதை நான் என் கண்ணால பாத்தேன். ஒரு வாரத்துல அதைப் புடுங்கிட்டு எங்க பக்கம் கொண்டாந்து நட்டீக. இதை நான் சொன்னா, உனக்கென்ன தெரியும்னு கேக்காக. நீங்க சொன்னா கேப்பாக."

"பாப்போம்."

"காவி கேட்டது வரும்போதே காதுல விழுந்துச்சு. நல்லா கட்டுங்க. ஆனா ஒண்ணு. மத்தவுக சாமியாராகையில அவுக அவுக சொத்தைத்தான் துறப்பாக. நீங்க எங்க கெணத்தையும் சேத்துல்ல துறந்துட்டீக."

காலிக் கூடைக்காகக் காத்திருக்காமல் போய்விட்டாள்.

குரு கூடையிலிருந்து ஒரு பூவை எடுத்தார். பார்த்துவிட்டு மறுபடியும் கூடையிலேயே போட்டார்.

"காவி கட்டினவரைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டாங்கன்னு நெனச்சீங்களோ?"

"கூப்பிட்டாலும் போக வேண்டியதில்லைன்னு நெனச்சேன்."

"கோடு மாறினதுல ஒங்க பங்கு என்ன?"

"சின்னதுதான் சாமி. மாத்தச் சொன்னவர் மேல இருந்தாரு. படத்தைத் திருத்தினவர் வேற. கையெழுத்துப் போட்டவர் வேற. நான் மொளை அடிச்சவன். பிரிச்சுப் பாத்தா ஆளுக்குக் கொஞ்சந்தான் வருது."

"ஒங்க தொழில்லயும் இப்படித்தான் பிரிப்பீங்களா?"

"பிரிப்போம்." தொழிலைப் பற்றிக் கேட்டதும் சுடலைமணியின் குரல் தெளிந்தது. "ஒரு இடத்துல ஆரம்பிச்சு அளந்துக்கிட்டே போவோம். ஒரு சுத்து சுத்தி ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து சேருவோம். கணக்குப் போட்டுப் பாத்தா அச்சா வந்து சேராது. விரக்கடை பிசகும். அது யாரு தப்பும் இல்ல. வெயிலு, காத்து, கண்ணு. அந்தப் பிசகை எல்லாப் புள்ளிக்கும் கொஞ்சங் கொஞ்சமாப் பிரிச்சு விட்டுருவோம். அப்புறம் அது இருந்த தடமே தெரியாது."

"பிசகு பெருசா வந்தா?"

"பெருசா வந்தா பிரிக்கக் கூடாது. எங்கயோ ஒரு இடத்துல தப்பு நடந்திருக்குன்னு அர்த்தம். அந்த இடத்தைத் தேடிப் போயி மறுபடியும்..."

நிறுத்திக்கொண்டார்.

"கெணறு சின்னதா, பெருசா?" என்றார் குரு.

சுடலைமணி தரையைப் பார்த்தார்.

"சரி, அந்த இடத்துக்குப் போவோம்."

"வேண்டாம் சாமி."

"டேப் இருக்கா?"

இருந்தது. எல்லாவற்றையும் விட்டு வந்தவர் அதை மட்டும் தகரப் பெட்டியின் அடியில் துணிக்குள் சுற்றி வைத்திருந்தார்.

முளை அடிப்பவர்கள், பக்கத்தில் அசையாமல் நிற்கும் இரண்டு பொருள்களிலிருந்து அதன் தூரத்தை எடுத்து வைப்பது வழக்கம். யார் பிடுங்கிப் போட்டாலும் முளை இருந்த இடத்தைத் திரும்பக் கண்டுபிடித்துவிடலாம். மடத்துக்கு முன்னால் மைல்கல்லும் சிறுபாலத்தின் சுவரும் இருந்தன. பின்னால் பழைய குருவின் சமாதி மேடையும் மாட்டுத் தொட்டியும். அந்தத் தூரங்களைச் சுடலைமணி மறக்க முயன்றிருந்தார். முடியவில்லை.

டேப்பின் மறுமுனையைக் குருவே பிடித்தார். முன்னால் ஒரு குச்சி, பின்னால் ஒரு குச்சி. இரண்டுக்கும் நடுவே கிணற்றுக் கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். நான்கு பக்கமும் திறந்த மண்டபம் அது. கயிறு ஒரு தூணையும் தொடாமல் உள்ளே நுழைந்து, குருவின் பலகைக்கு மேலாகப் போய், பின்பக்கம் வெளியேறியது.

குரு குனிந்து பலகையை நகர்த்தினார். அடியில் சிமெண்டுத் தரை வெளுத்திருந்தது.

"இங்க ஆணி அடிச்ச தடம் இல்லையே."

"சிமெண்டுல மொளைக்குப் பதிலா ஆணி அடிக்கணும். இங்க அடிக்கல சாமி. முன்னால அடிச்சேன், பின்னால அடிச்சேன். இங்க வந்தப்ப நீங்க கண்ணை மூடி உக்காந்திருந்தீங்க. ஒதுங்கச் சொல்ல எனக்கு வாய் வரல. இன்னொரு நாள் அடிச்சுக்கலாம்னு விட்டுட்டேன். அதுக்குள்ள வெளியில இருந்த மொளையைப் புடுங்கச் சொல்லிட்டாங்க. மண்டபத்துக்குள்ள குறியே இல்ல, கோடு இந்த வழியா வரவே இல்லைன்னு சொல்லிட்டாங்க. நானும் சும்மா இருந்துட்டேன்."

குரு வெளுத்த தரையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"அன்னைக்கு ஜீப்பு உறுமினது, சுத்தியல் சத்தம், ஆளுங்க கத்தினது. எதுக்கும் நீங்க அசையல. இப்படி ஒரு மனுசன் இருக்கார்னு பிரமிச்சுப் போயிட்டேன். அதை நெனச்சுத்தான் சாமி வேலையை விட்டுட்டு ஒங்ககிட்ட வந்தேன்."

குரு உள்ளே போய்ச் சுத்தியலும் ஆணியும் எடுத்து வந்தார்.

"இப்ப அடிங்க. நாளைக்கு அந்தம்மாகூடப் போயி, விசாரிக்கிறவங்களை இங்கயே கூட்டிட்டு வாங்க."

"மடம் போயிரும் சாமி. சமாதியும் போயிரும்."

"அடிங்க."

சிமெண்டு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. தரை பெயர்ந்து தெறித்தது. ஆணி இறங்கி முடிந்தபோது சுடலைமணிக்கு மூச்சு வாங்கியது. கேட்காமல் இருந்திருக்கலாம். கேட்டார்.

"சாமி, அன்னைக்கு இந்தச் சத்தம் ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"நாங்க எதுக்கு வந்திருக்கோம்னு?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் சாமி கண்ணைத் தொறக்கல?"

குரு பலகையை எடுத்துத் தூணில் சாய்த்து வைத்தார்.

"தொறந்திருந்தா எந்திரிச்சிருக்கணுமே."