பாஸ்வேர்டு வைத்திருந்த ராஜா

ஏழூர் நாட்டை ஆண்ட சேந்தன் ராஜாவிடம் ஒரு செல்போன் இருந்தது. ராஜா காலத்தில் ஏது செல்போன் என்று கேட்கிறவர்கள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். மற்றவர்களுக்குக் கதை.

அதில் "கோட்டை பிடி" என்று ஒரு ஆன்லைன் விளையாட்டு. ராஜா சோறு தின்னும்போதும் அதுதான், குளிக்கும்போதும் அதுதான். ஊரைச் சுற்றியிருந்த நிஜக் கோட்டைச் சுவர் இடிந்து கிடந்தது. போனுக்குள் இருந்த கோட்டைக்கோ தங்கத்தில் கூரை!

ஒருநாள் காலையில் திறந்து பார்த்தால் "பாஸ்வேர்டு தவறு" என்கிறது. எவனோ கணக்கைத் திருடிவிட்டான். அதோடு விட்டானா? ராஜா பெயரிலேயே போய், பக்கத்து நாட்டுக் கடம்பூர் ராஜாவின் விளையாட்டுக் கோட்டையை இடித்துத் தள்ளி, "போடா பூசணிக்காய்த் தலையா" என்று எழுதியும் வைத்துவிட்டான். கடம்பூர் ராஜாவின் தலையும் பார்க்க அப்படித்தான் இருக்கும். அதனால் கோபம் இரண்டு மடங்கு.

தூதன் வந்து நின்றான். "நாளைச் சாயங்காலத்துக்குள்ள அதே கணக்கிலிருந்து மன்னிப்பு வரணும். இல்லேன்னா நிஜப் படை வரும்."

"நம்ம சுவர் வேற இடிஞ்சு கிடக்கே!" என்று ராஜா தலையில் கை வைத்தார். உடனே கஸ்டமர் கேருக்கு எழுதினார்.

அங்கிருந்து பதில் வந்தது: "நீங்கள்தான் ராஜா என்பதற்குப் படம் அனுப்பவும்."

கிரீடத்தோடு படம் எடுத்து அனுப்பினார்.

"கிரீடம் முகத்தை மறைக்கிறது. கழற்றிவிட்டு அனுப்பவும்."

கழற்றிவிட்டு அனுப்பினார்.

"இதில் நீங்கள் ராஜா மாதிரித் தெரியவில்லை. எங்கள் விதிப்படி பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறதோ அவரே ராஜா. நன்றி. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

ராஜா போனைத் தூக்கி எறியப் போனார். விகட மந்திரி அம்பலத்தாடி பாய்ந்து பிடித்துக்கொண்டார்.

"மகாராஜா, அவங்க சொல்றது சரிதானே?"

"என்னய்யா சரி? அப்ப நான் யாரு?"

"நீங்க இன்னைக்கு லீவு. அவன்தான் ராஜா. அவனே ஆளட்டும். நம்ம நாட்டு வழக்கம் என்ன? குறைன்னு யார் வந்தாலும் ராஜா கேட்கணும். கேட்டவரே தீர்ப்பும் சொல்லணும், அடுத்தவர் தலையில கட்டக் கூடாது. இல்லையா?"

சொல்லிவிட்டு ஊர் முழுக்கத் தண்டோரா போடச் சொன்னார். "ராஜா இன்று முதல் போன் விளையாட்டுக்குள்தான் குறை கேட்பார்! அரண்மனைப் பக்கம் யாரும் வர வேண்டாம்!"

அவ்வளவுதான். சந்தைத் தெருவில் உட்கார்ந்திருந்த திருடன் கொளஞ்சிக்குப் பொழுது அதோடு அஸ்தமித்தது.

விளையாட்டில் வாளை ஓங்கினான். "ராஜாவே, வாய்க்கால்ல தண்ணி வரல" என்று திரை முழுக்கச் செய்தி. குதிரையில் ஏறினான். "சாமி, என் மருமகன் குறட்டை விடுறான், என்னன்னு கேளுங்க." தொல்லை விட்டால் போதும் என்று ஒருத்தருக்குச் "சரி" என்று போட்டான். "ராஜா சரின்னுட்டார்!" என்று அவர் ஊரெல்லாம் சொல்ல, எதிர்வழக்குக்காரர்கள் பதினெட்டுப் பட்டியிலிருந்தும் விளையாட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

அதிலும் பொன்னரும்பு, செங்கமலம் என்று இரண்டு ஓரகத்திகள். அண்ணன் பெண்டாட்டியும் தம்பி பெண்டாட்டியும். மூத்தவள் கோழி இளையவள் கூடையில் முட்டையிடுகிறது. முட்டை யாருக்கு? மைக்கைப் போட்டுக்கொண்டு, சண்டை நடக்கிற களத்துக்குள்ளேயே அவர்கள் சண்டை.

"கோழிக்குத் தீனி போட்டது யாருடி?"

"கூடைக்கு வைக்கோல் போட்டது யாருக்கா?"

"ராஜா, வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லுங்க!"

கொளஞ்சி ஆடிப்போய்க் கஸ்டமர் கேருக்கு எழுதினான். "ஐயா, நான் ராஜா இல்லீங்க. இந்தக் கணக்கை எடுத்துக்குங்க."

பதில் வந்தது: "நீங்கள் ராஜா இல்லை என்பதற்குப் படம் அனுப்பவும்."

அழுதேவிட்டான். மைக் திறந்திருப்பது மறந்து, "நான் ராஜா இல்லம்மா! நான் சந்தைத் தெருக் கொளஞ்சி!" என்று கத்தினான்.

"அடடே, பக்கத்துத் தெருதானா? நேர்லயே வர்றோம் ராஜா!" என்றாள் பொன்னரும்பு. கோழியையும் தூக்கிக்கொண்டாள்.

சிறிது நேரத்தில் அரண்மனை வாசலில் ஒருத்தன் மூச்சிரைக்க ஓடி வந்து ராஜா காலில் விழுந்தான். "திருடினது நான்தான் மகாராஜா! இந்தாங்க பாஸ்வேர்டு! கோழி வழக்கோட ரெண்டு அம்மா துரத்தி வர்றாங்க, கேட்டைச் சாத்தச் சொல்லுங்க!"

ராஜா முதல் வேலையாக மன்னிப்பு எழுதி அனுப்பினார். கடம்பூரிலிருந்து உடனே பதில் வந்தது: "போனாப் போகுது. நாளைக்கு ஒரு ஆட்டம் போடலாமா?" படை வரவில்லை. ராஜா மூச்சு விட்டார். அம்பலத்தாடிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார்.

"இவனை என்ன செய்யலாம் மந்திரி? சிறையில தள்ளட்டுமா?"

"அது எப்படி முடியும் மகாராஜா? கோழி வழக்கை இவன்தானே கேட்டான்? இவன்தான் தீர்ப்புச் சொல்லணும். அதோ, ரெண்டு அம்மாவும் வந்துட்டாங்க."

வாசலில் கோழி கொக்கரித்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு பேரும் படியேறினார்கள்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். கிரீடம் உருண்டு போய்த் தூணில் முட்டி நின்றது.

கொளஞ்சி அவர் காலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"மகாராஜா, உங்க சிறையில உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குங்களா?"