கண்ணாடிக் கூரையும் கம்பத்து நிழலும்

வேலூருக்குக் கண்ணாடிக் கூரை போட்ட பேருந்து நிறுத்தம் ஒன்றை வடிவமைத்திருந்தார், பரிசுகள் பல வாங்கிய கட்டடக் கலைஞர் ராகவேந்தர். அவருக்கு அட்டையில் மாதிரி செய்து தருபவள் ஜெசிந்தா.

"நிறுத்தத்துல இருபது பொம்மை நிக்கணும். ஒண்ணுகூட என் கண்ணாடியை மறைக்கக் கூடாது," என்றார்.

"சரிங்க சார்."

மறுநாள் மாநகராட்சி ஆணையர் மாதிரியைக் குனிந்து பார்த்தார். கூரைக்கடியில் ஒருவரும் இல்லை. இருபது பொம்மைகளும் வெளியே, விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் ஒற்றை வரிசையில் நின்றன.

"ஏம்மா இப்படி?"

"மே மாசம், மத்தியானம் மூணு மணிங்க மேடம். கண்ணாடிக்கு அடியில வெயில் சுடும். அதான் கம்பத்து நிழல்ல நிக்கிறாங்க."

ராகவேந்தர் முறைத்தார்.

"நீங்க சொன்ன மாதிரியே கண்ணாடியை யாரும் மறைக்கலை சார்," என்றபடி, பையிலிருந்து ஓட்டுக் கூரை ஒன்றை எடுத்து மாட்டினாள். அளவு கச்சிதம்.

கடைசியில் நிறுத்தம் ஓட்டுக் கூரையோடுதான் கட்டப்பட்டது. இப்போதும் மூணு மணிக்கு அந்தப் பக்கம் போனால் ஜெசிந்தா நிமிர்ந்துதான் நடப்பாள். கம்பத்து நிழலில் ஒரு ஆள்கூட இருப்பதில்லை.