ராஜா மேனியில் பன்னிரண்டு கட்டளை

குடைக்கும் கொடிக்கும் குறைவில்லாத பாலையாற்று நாட்டை முன்னொரு காலத்தில் உத்தமவேள் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். யோசனையெல்லாம் அவருக்குச் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கில்தான் வரும். எழுத்தாணி கீறும் சத்தத்தில் அவருக்குப் பல் கூசும் என்பதால் குளியலறைக்குள் ஓலைக்கு இடமில்லை. அங்கே அவர் சொல்லும் கட்டளைகளை எண்ணெய் தேய்க்கும் கொம்பையன்தான் நினைவில் வைத்திருந்து, சபைக்கு வந்து வரிசை மாறாமல் ஒப்பிப்பான்.

அரண்மனை ஓலையெல்லாம் எழுதும் ஓலைநாயகம் பூதலிங்கத்துக்கு இது பொறுக்கவில்லை. எண்ணெய்க் கிண்ணம் ஏந்துகிறவன் சொல்லச் சொல்லத் தான் எழுதுவதா என்று வயிறெரிந்தார். அவன் பாதியைச் சொந்தமாக இட்டுக்கட்டுகிறான் என்று ராஜாவின் காதில் போட்டுவைத்தார்.

ராஜாவுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. "வரும் சனிக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். பன்னிரண்டு கட்டளை சொல்வேன், ஒரே தடவை. வரிசை தவறியவன் பொழுது சாய்வதற்குள் நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும்" என்றார். கொம்பையனுக்கு வீட்டில் நான்கு பெண்கள். அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ராஜா மணையில் உட்கார்ந்து கட்டளைகளைச் சொல்ல, கொம்பையன் தன் பாட்டுக்குத் தேய்த்துக்கொண்டிருந்தான். பூதலிங்கம் மூலையில் நின்று, கேட்டதையே திரும்பத் திரும்ப முணுமுணுத்தார். பன்னிரண்டும் முடிந்தன. ராஜா சும்மா இருப்பாரா? வெந்நீர் சூடு போதுமா என்று பூதலிங்கத்தைக் கேட்டார். சீயக்காய் யார் அரைத்தது என்று கொம்பையனைக் கேட்டார். இருவரும் பதில் சொன்னார்கள். அந்த ஒரு பதிலில் பூதலிங்கத்தின் முணுமுணுப்பு அறுந்துபோயிற்று. சபையில் முதல் மூன்றும் கடைசி ஒன்றும்தான் அவர் வாயில் வந்தன. நடுவில் இருந்த எட்டும் போன இடம் தெரியவில்லை.

கொம்பையன் கண்ணை மூடிக்கொண்டு, கையைக் காற்றில் மேலிருந்து கீழே கொண்டுபோனான். பன்னிரண்டும் வரிசையாக வந்தன.

"எப்படியடா?" என்றார் ராஜா.

"கோபித்துக்கொள்ளக் கூடாது மகாராஜா. கை தேய்க்கும் இடத்திலேயே ஒவ்வொரு கட்டளையையும் வைத்துவிட்டேன். தங்கள் உச்சியில் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தேன். காதுக்குள் லாயத்துக் குதிரைகளைக் கட்டினேன். வயிற்றில் பெரிய குளத்தைத் தூர்வாரினேன், இடம் தாராளமாக இருந்தது. உள்ளங்காலில் எல்லைக் காவலுக்கு ஆள் நிறுத்தினேன். கை போகிற வழி பழகிய வழி. அதிலேயே மறுபடி நடந்தேன், எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன."

சபை வாயைப் பொத்திக்கொண்டது. ராஜா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துக் கொம்பையனுக்குப் போர்த்தினார். பிறகு முகம் மாறியது.

"பதின்மூன்றாவது கட்டளை. இந்த ஓலைநாயகத்தைப் பொழுது சாய்வதற்குள் எல்லை தாண்ட வை."

பூதலிங்கம் வெளுத்துப்போனார். அவரைப் பார்க்கக் கொம்பையனுக்குப் பாவமாக இருந்தது. தான் பட்ட ஒரு வாரப் பாடு அவனுக்குத்தானே தெரியும்.

"மகாராஜா, உள்ளங்காலோடு மேனி முடிந்துவிட்டது. வைக்க இடமில்லாதது எனக்கு நினைவில் நிற்காது" என்றான்.

ராஜா பூதலிங்கத்திடம் திரும்பி, "நீராவது எழுதிக்கொண்டீரா?" என்றார்.

பூதலிங்கம் எழுத்தாணியைக் கீழே வைத்தார். சபை முழுக்கக் கேட்கும்படி, "எனக்கும் மறந்துவிட்டது மகாராஜா" என்றார்.