எஃப்.சி.க்குக் காட்டிய சிவப்புக் கார்

வெள்ளைமணல்பட்டியில் பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடும் எத்திராசுவுக்குத் தூக்கம் போய்விட்டது. பக்கத்து ஊர்ப் பந்தல்காரர் மாப்பிள்ளை அழைப்புக்கென்று மேல்மூடி இல்லாத கார் ஒன்றை வாங்கி, சுற்றுவட்டாரக் கல்யாணங்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார். எத்திராசுவிடம் இருந்தது பாத்திரம் ஏற்றும் மினி லாரி. மேல்மூடி அதற்கும்தான் இல்லை. ஆனால் அண்டாக்களுக்கு நடுவே நின்றபடி ஊர்வலம் வர எந்த மாப்பிள்ளையும் சம்மதிக்கவில்லை.

இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்றிருந்த நேரத்தில் அரிசி ஆலைக்காரர் கூப்பிட்டனுப்பினார். திறந்த கார் இருந்தால் தன் மகன் கல்யாண வேலை மொத்தமும் எத்திராசுவுக்கே என்றார். எத்திராசு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்து, பிறகு காரைத் தேட ஆரம்பித்தார்.

டவுனில் நாச்சியப்பன் என்ற பெரியவரிடம் சிவப்பு நிறத்தில் ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே இருக்கை, மேலே துணிக்கூரை, வேண்டும்போது மடித்துக்கொள்ளலாம். குழந்தை மாதிரி வைத்திருந்தார். குனிந்து ஏறினால் நிமிர்ந்து இறங்க முழங்கால் விடவில்லை என்பதால்தான் விற்க நினைத்தார்.

காரைப் பார்த்துச் சொல்ல மெக்கானிக் பீர்முகம்மதுவைக் கூப்பிட எத்திராசுவும் கூட்டாளிகள் இருவரும் போனார்கள். அவர் காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். படுத்தபடியே யோசனை சொன்னார்.

"பழைய வண்டி. அடிபட்டிருக்கான்னு தட்டிப் பாருங்க. அடியில ஆயில் ஒழுகுதான்னு பாருங்க. எல்லாத்துக்கும் மேல, எஃப்.சி.க்கு ஒழுங்கா காட்டியிருக்காங்களான்னு தீர விசாரிங்க. வெறும் பேப்பரைப் பாத்து ஏமாந்துடாதீங்க."

எத்திராசுவுக்கு யார் எதைச் சொன்னாலும் ஒரு சொல் சிந்தாமல் மனதில் தங்கிவிடும். அதுதான் அவரிடம் கோளாறு. அவருடைய கூட்டாளிகள் மாசிலாமணிக்கும் குப்பண்ணனுக்கும் அதே கோளாறு.

மூவரும் பந்தல் ஆட்களோடு மினி லாரியில் நாச்சியப்பன் வீட்டில் போய் இறங்கினார்கள். குப்பண்ணன் பந்தலுக்கு முளை அடிக்கும் சம்மட்டியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். கார்க் கதவில் ஒரு தட்டுத் தட்டினார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பள்ளம் விழுந்தது.

"அடிபட்ட வண்டிதான்," என்றார் குப்பண்ணன்.

"அது இப்ப நீங்க அடிச்சதுங்க," என்றார் நாச்சியப்பன்.

மாசிலாமணி அவரைச் சமாதானப்படுத்தினார். "எப்ப பட்டதுன்னு பீர்முகம்மது கேக்கலைங்க. பட்டிருக்கான்னுதான் கேட்டாரு."

நாச்சியப்பன் கார் சம்பந்தப்பட்ட காகிதங்களை எடுத்துவர உள்ளே போனார். இவர்கள் அடியைப் பார்க்கக் குனிந்தார்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் தரைக்கும் வண்டிக்கும் நடுவே பூனைகூட நுழைய முடியாது. மூவரும் கைகட்டி நின்று யோசித்தார்கள்.

"குண்டானுக்கு அடி பாக்கணும்னா என்ன பண்ணுவோம்?" என்று எத்திராசு கேட்டார்.

"கவுத்துப் பாப்போம்," என்றார்கள் இருவரும்.

பந்தல் ஆட்கள் ஜமுக்காளத்தை விரித்து, ஏலேலோ பாடி, காரை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஜமுக்காளம் முழுக்க எண்ணெய். ஒழுகுகிறது என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள்.

நாச்சியப்பன் ஃபைலோடு வெளியே வந்தார். கார் படுத்திருப்பதைப் பார்த்து அவரும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

பழைய வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டித் தகுதிச் சான்று வாங்குவதைத்தான் உலகம் எஃப்.சி. என்கிறது. வெள்ளைமணல்பட்டியில் எஃப்.சி. என்றால் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் எஃப். செல்லையா. வீட்டு வாசல் பலகையில் எஃப்.சி. என்றுதான் போட்டிருக்கும். ஆகவே காரை நிமிர்த்தி, துடைத்து, எண்ணெய் ஊற்றி, நாச்சியப்பனையும் ஏற்றிக்கொண்டு செல்லையா வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

செல்லையா மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். இந்தக் காரை இதற்கு முன் அவருக்கு யாராவது காட்டியிருக்கிறார்களா என்று எத்திராசு பணிவாகக் கேட்டார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காரை முழுசாகச் சுற்றி வந்தார்.

"இல்லையேப்பா. இன்னிக்குத்தான் பாக்கறேன்."

மூவரும் நாச்சியப்பனை வருத்தத்தோடு பார்த்தார்கள். அவர் ஃபைலைத் திறந்து காட்டி, ஒரு தடவைகூடத் தவறாமல் எஃப்.சி.க்குக் காட்டியிருப்பதாகச் சத்தியம் செய்தார்.

"அவருக்கே தெரியாம அவருக்கு எப்படிங்க காட்ட முடியும்?" என்று மாசிலாமணி கேட்டார்.

வண்டி எப்படி இருக்கிறது என்று எத்திராசு கேட்டதற்கு, கதவு நசுங்கியிருக்கிறது, எண்ணெய் வாடை அடிக்கிறது, மற்றபடி அழகு என்றார் செல்லையா. ஒரே பார்வையில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாரே என்று குப்பண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எத்திராசுவுக்கு எந்தப் பக்கம் சாய்வதென்று தெரியவில்லை. அரிசி ஆலைக்காரருக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், இத்தனை காலம் எஃப்.சி.க்கே காட்டாத வண்டி மறுபக்கம். கடைசியில் குப்பண்ணன்தான், இப்போது காட்டியாகிவிட்டதே என்று எடுத்துச் சொன்னார். எத்திராசு உடனே மடியிலிருந்து பணத்தை எடுத்தார்.

விலை பேசுகிற தெம்பு நாச்சியப்பனுக்கு இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டார்.

"எடுத்துட்டுப் போங்க. ஒரே ஒரு சத்தியம் மட்டும் பண்ணுங்க. இனிமே திரும்பியே பாக்கக் கூடாது."

எத்திராசுவும் கூட்டாளிகளும் அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். செய்தால் காப்பாற்றுகிறவர் எத்திராசு. கழுத்தைத் திருப்பாமல் ஊர் வரை ஓட்டிவந்தார். பின்னால் பார்க்கும் கண்ணாடியையும் கழற்றி மாசிலாமணியிடம் கொடுத்துவிட்டார்.

அரிசி ஆலைக்காரர் மகனை மடித்த கூரைமேல் உட்கார வைத்து ஊர்வலம் கிளம்பியது. எத்திராசு ஓட்டினார். மற்ற இருவரும் பக்கத்து இருக்கையில் நெருக்கி உட்கார்ந்தார்கள். கடைத்தெரு மேட்டில் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. பின்னால் எல்லோரும் "மாப்பிள்ளை, மாப்பிள்ளை" என்று கத்தினார்கள். என்ன ஒரு உற்சாகம் என்று மூவரும் நேரே பார்த்தபடி பூரித்துப்போனார்கள்.

மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்ணின் அப்பா திகைத்தார்.

"மாப்பிள்ளை எங்கேங்க?"

"பின்னாடி இருக்காரு," என்றார் எத்திராசு.

"யாருமே இல்லையே."

"நல்லா பாருங்க. எங்களால திரும்ப முடியாது."

மாப்பிள்ளை மேளக்காரர்களோடு நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. ஆனால் மண்டபம் இருப்பது முட்டுச்சந்து. காரை வெளியே எடுக்க வேண்டுமானால் பின்னால் பார்த்து ஓட்ட வேண்டும். சத்தியம் செய்தவர் எப்படிப் பார்ப்பார்? கார் அங்கேயே நின்றுவிட்டது.

அதனால் தொழில் ஒன்றும் கெடவில்லை. இப்போதெல்லாம் மாப்பிள்ளை ஆட்டோவில் வந்து இறங்கி அந்தக் காரில் ஏறி உட்காருகிறார். எத்திராசு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்கிறார். மேளம், விளக்கு, சொந்தபந்தம் எல்லாம் காரைச் சுற்றிச் சுற்றி ஊர்வலம் போகின்றன. போன முகூர்த்தத்தில் ஒரு மாப்பிள்ளை தலை சுற்றுகிறது என்றார். எத்திராசு உடனே பிரேக்கை மிதித்தார்.