மூன்று பழக்கங்களை விற்ற ஓடக்காரன்

முன்னொரு காலத்தில், ஆறுகளுக்கெல்லாம் இன்னும் பெயர் வைத்து முடியாத காலத்தில், வேங்கை நாடு என்றொரு நாடு இருந்தது. அதன் படகுத்துறையில் சிலம்பாயி என்ற ஓடக்காரியும் அவள் கணவன் மாடப்பனும் வாழ்ந்தார்கள். மாடப்பனிடம் சொத்து கிடையாது. மூன்று பழக்கங்கள் உண்டு. விடியலில் கரையோரம் நடப்பான். ஓடம் ஏறுகிறவர் யாரானாலும், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பான். பொழுது சாயும்போது, அன்று கண்ட நல்லது ஒன்றை மனைவியிடம் சொல்வான். அவனைவிடச் சந்தோஷமான ஆள் அந்தத் துறையில் இல்லை.

ஒருநாள் நீலகோடன் என்ற மந்திரவாதி கரையில் கூடாரம் போட்டான். "அற்பமானதைக் கொடு, அற்புதமானதை எடு" என்று கூவினான்.

மாடப்பன் காலை நடையைக் கொடுத்தான். தானே ஓடும் ஓடம் கிடைத்தது. கேள்வியைக் கொடுத்தான், தானே சமைக்கும் பானை கிடைத்தது. மாலைப் பேச்சைக் கொடுத்தான். அடுத்தவர் வீட்டில் இருப்பதையெல்லாம் காட்டும் கண்ணாடி கிடைத்தது.

பழக்கங்கள் போனதும் உடம்பு கல்லாக இறுகத் தொடங்கியது. முதல் நாள் முழங்கால்வரை கல்லானான். இரண்டாம் நாள் மார்புவரை. மூன்றாம் நாள் கழுத்துவரை. கண்ணாடியிலிருந்து கண்ணை மட்டும் எடுக்கவில்லை.

சிலம்பாயி கூடாரத்துக்கு ஓடினாள். நீலகோடன் அப்போதுதான் நடந்துவிட்டு, முகம் மலர வந்துகொண்டிருந்தான்.

"வா தங்கச்சி, சாப்பிட்டாச்சா?"

குரல் மாடப்பனுடையது.

"கொடுத்ததைத் திருப்பிக் கொடு."

"வந்ததைத் தருகிற வழக்கம் இங்கே இல்லை. நாளை சூரியன் மறைந்தால் அவன் முழுச் சிலை."

"நீ தரவேண்டாம். அவரே மறுபடி செய்தால்?"

"கல்லால் நடக்க முடியாது" என்றான் நீலகோடன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்பதைச் சிலம்பாயி கவனித்தாள்.

மறுநாள் விடியலில், படகு தள்ளும் உருளைக் கட்டைகளைக் கணவனுக்கு அடியில் போட்டாள். இழுத்தாள், திட்டினாள், இழுத்தாள். ஆற்றங்கரையில் நிமிர்த்தி நிறுத்தினாள்.

"நட மாமா."

"முடியாது புள்ள. கனக்குது."

"ஊரைச் சுத்தவா சொன்னேன்? ஒரே ஒரு அடி."

பாதம் நகர்ந்தது. ஓர் அடி, ஈரடி, மூன்றாம் அடியில் முழங்கால்வரை கல் சுண்ணாம்பாய் உதிர்ந்தது. கூடாரத்தில் நீலகோடன் தடுக்கி விழுந்தான்.

உச்சிப்பொழுதில் கண்ணாடியைத் துணியால் மூடினாள். பானைக் கஞ்சியை அவனுக்கு ஊட்டினாள். தன் கலயத்தைத் தொடாமல் எதிரே உட்கார்ந்தாள். நிழல் நீண்டது. பார்க்க வேறெதுவும் இல்லாததால் மாடப்பன் அவளைப் பார்த்தான். கலயத்தைப் பார்த்தான். தொண்டையில் கல் உரசியது.

"நீ... சாப்பிட்டியா?"

"இல்லை மாமா."

மார்புவரை கல் பிளந்து விழுந்தது. கூவிக்கொண்டிருந்த நீலகோடனுக்குக் குரல் போனது.

சூரியன் பாதி இறங்கியது. மிச்சமிருந்த கல் கழுத்திலிருந்து தாடைக்கு ஏறத் தொடங்கியது.

"இன்னிக்கு என்ன நல்லதைப் பார்த்தே, சொல்லு."

"நல்லதா? நாளெல்லாம் வலி."

"தேடிப் பாரு."

தேடினான். சூரியன் நகக்கீற்றளவு மிஞ்சியது.

"என்னை இழுத்துக்கிட்டு வரும்போது பதினாறு திட்டு திட்டினே. அதுல நாலு நான் கேட்டதே இல்லை. எங்கே புள்ள கத்துக்கிட்டே?"

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் கல் சிதறியது, கண்ணாடி தூளானது. கரையில் நீலகோடன் உச்சந்தலைவரை இறுகிப்போனான். தனக்கென்று ஒரு பழக்கமும் வளர்க்காமல், வாங்கியதிலேயே வாழ்ந்தவன் அவன்.

மறுநாள் காலை சிலம்பாயி கதவைத் திறந்தால், வாசலில் நாற்பது பேர். நீலகோடனிடம் பழக்கங்களைக் கொடுத்து ஏமாந்தவர்கள்; எல்லோரும் அரைக் கல், முக்கால் கல். உறவினர்கள் கைவண்டியில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள்.

"அக்கா, அந்த உருளைக் கட்டை கொஞ்சம் கிடைக்குமா?"

"கட்டை கிடைக்கும். திட்டு வாங்கணும், சம்மதமா?"

"சம்மதம்" என்றார்கள் நாற்பது பேரும்.

மூன்றாம் நாள் வேங்கை நாட்டில் கல்லாக மிஞ்சியது நீலகோடன் ஒருவன்தான். விடியலில் நடப்பவர்கள் அவன்வரை போய்த் திரும்புகிறார்கள்.