நான்கு மூலையிலும் புள்ளிகள்

ஐஸ் கம்பெனி மாடியில் ஜெபராணி டீச்சர் வயர்லெஸ் வகுப்பு நடத்திவந்தார். அவரிடம் படித்தவர்களில் மூத்தவர் வியாகுலம், டீச்சரைவிட இருபது வயது பெரியவர். கடலுக்குப் போகும் மகன் ஆன்சனோடு கரையிலிருந்தே பேச வேண்டும் என்றுதான் படிக்க வந்தார். ஆன்சனின் படகில் இருந்த டிரான்ஸ்மிட்டர் அவர் கையால் செய்தது.

புயலுக்குப் பிறகு அந்தப் படகு வரவில்லை.

தேடப்போன கப்பலும் திரும்பிவிட்டது. வியாகுலம் வகுப்பில், ரிசீவரோடு இணைத்த கம்ப்யூட்டர் திரை முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். மனைவி சோறு கொண்டுவந்து வைப்பாள். ஈ மொய்த்தபின் எடுத்துக்கொண்டு போவாள்.

டீச்சர் முன்பு சொல்லிக்கொடுத்திருந்தார். வருகிற ரேடியோ அலை எப்போது ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று பார்த்து, ரிசீவர் தன்னை அதோடு ஒட்டவைத்துக்கொள்ள வேண்டும். ஒட்டினால் திரையில் புள்ளிகள் நான்கு மூலைகளில் கூடி நிற்கும், பிறகு அனுப்பிய சேதி எழுத்தாகச் சேரும். ஒட்டாவிட்டால் வட்டமாகச் சுழலும். அலையே இல்லாவிட்டால் கலைந்து கிடக்கும்.

கலைந்துதான் கிடந்தன.

ஒரு மத்தியானம் வியாகுலம் கத்தினார்.

“டீச்சர், பிடிச்சிருச்சு! பாருங்க, நாலு மூலையிலும் நிக்குது!”

டீச்சர் ஓடி வந்து பார்த்தார். நின்றன.

“எழுத்து வருதா அண்ணாச்சி?”

“இன்னும் சேரல. ஆனா ஆன்டெனா தென்மேற்க பாத்திருக்கு. அங்கதான் கிடக்கான். பயலுவகிட்ட சொல்லிட்டேன், படகை இறக்குறானுவ.”

கீழே கடல் இன்னும் மதிலளவு எழுந்து விழுந்துகொண்டிருந்தது. ஆன்சனின் கூட்டாளிகள் மூன்று பேர் படகைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் ரிசீவரின் பின்பக்கம் கைவிட்டு, ஆன்டெனா கேபிளைத் திருகிக் கழற்றினார். அதை வியாகுலத்தின் மடியில் வைத்தார்.

புள்ளிகள் அப்படியே நின்றன.

வியாகுலம் மடியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார்.

“இது எப்படி?”

“ரிசீவர் அலையைத் துரத்துற வேகத்தைக் கூட்டினீங்களா?”

“கூட்டினேன். கடைசி வரைக்கும் கூட்டினேன்.”

“அவ்வளவு கூட்டினா, வெறும் இரைச்சலையும் அது பிடிச்சு மூலைக்கு இழுத்துரும்.”

“அப்போ இவ்வளவு நேரம் இது யாரு கூட ஒத்துப்போச்சு?”

“யாரு கூடவும் இல்ல, அண்ணாச்சி.”

வியாகுலம் எழுந்தார். கேபிள் தரையில் விழுந்தது. படிகளில் இறங்கி மணலில் நடந்தார். படகின் மூக்கு தண்ணீரைத் தொட்டிருந்தது.

“போவாண்டாம் மக்கா. சிக்னல் இல்ல.”

“இப்பதான இருக்குன்னீங்க?”

“இல்ல.”

சேதி கேட்டு அவர் மனைவி தலையை முடிந்தும் முடியாமலும் ஓடி வந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நனைந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வியாகுலம் திரும்பி மாடிக்கு வந்தார். தரையில் கிடந்த கேபிளை எடுத்துச் சுருட்டினார்.

“நீங்க கேபிளைக் கழட்டாம இருந்திருக்கலாம், டீச்சர். சாயந்தரம் வரைக்குமாவது எனக்கு மவன் இருந்திருப்பான்.”

டீச்சர் சன்னலைத் திறந்தார். கீழே அந்த மூன்று பேரும் படகுக்குத் தோள்கொடுத்து மேட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வழுக்கி விழுந்தான். மற்றவர்கள் அவனைத் திட்டுவது மாடிவரை கேட்டது.

“சாயந்தரம் இந்தச் சத்தம் கேட்டிருக்குமா, அண்ணாச்சி?”

வியாகுலம் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.